கொல்லை தோட்டமாகும் முன்



வீட்டின் முன்வாயிலை ஊரார் காண்பர். கொல்லைப்புறத்தை வீட்டார் மட்டுமே காண்பர். ஆதலால் ஒரு வீட்டில் ஆள் குறைந்தால் முதலில் பாழ்படுவது கொல்லைதான். வாயிற்கோலம் நின்றுபோவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நெருஞ்சி படர்ந்துவிடும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதுவே நிலை. முகப்பில் பூந்தொட்டிகள் வரிசையாக நிற்கும். ஆய்வுக்கூடத்தின் பின்னாலோ, கால் ஒடிந்த பலகைகளும் உடைந்த ஓடுகளும் குவிந்து, அவற்றிடையே எருக்கு முளைத்திருக்கும். அத்தகைய இடத்தைத் தோட்டமாக்க விரும்பும் ஒருவர், முதல் செடியை நடுவதற்கு முன் செய்ய வேண்டியவை யாவை என்பதே என் பேச்சின் பொருள். செடி நடுவதைப் பற்றி நான் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லப் போவதில்லை.

இதைப் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி, நான் செய்த பிழைதான். திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, காவிரியின் தென்பால் உள்ள ஒரு சிற்றூரில் என் பாட்டியார் வாழ்ந்த வீடு, பதினான்கு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தபின் எங்கள் பொறுப்புக்கு வந்தது. அதன் கொல்லை ஆறு சென்டுக்குச் சற்றுக் குறைவு. துவைக்கும் கல்லருகே வாழை, கிணற்றோரம் கறிவேப்பிலை, வேலியில் முருங்கை என்று நான் சிறுவனாகப் பார்த்த இடம் அது. வந்த முதல் வாரத்திலேயே ஆள் வைத்துப் புதரை வெட்டினேன், வெட்டியதைத் தீயிட்டேன், மண்வெட்டியால் நிலம் முழுவதையும் கொத்திவிட்டேன், இருபது கன்றுகளை வாங்கி நட்டு, நாள்தோறும் நீர் ஊற்றினேன். அது பங்குனி மாதம். ஆவணி பிறப்பதற்குள் பதினேழு கன்றுகள் பட்டுப்போயின. கோரை மட்டும் முன்னிலும் அடர்த்தியாக எழுந்து நின்றது. எங்கே தவறினேன் என்பதை அறிய எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் அரைமணிக்குள் அறிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்தப் பதினேழு கன்றுகளைவிடப் பெரிய இழப்பு ஒன்று நேர இருந்தது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன். புதர் வெட்டுவதற்கு முந்தைய நாள், என் தமக்கையின் ஏழு வயது மகன் பந்தைத் துரத்திக்கொண்டு கொல்லையின் வடமூலைக்கு ஓடினான். பக்கத்து வீட்டு மூதாட்டி மதிலுக்கு அப்பாலிருந்து, "தம்பி, பிள்ளையைப் பிடி! அங்கே உறைகிணறு இருக்கிறது!" என்று கூவினார். ஓடிப் பிடித்தேன். அவன் நின்ற இடத்திலிருந்து நான்கடித் தொலைவில், உண்ணிச்செடியின் அடியில், தரையோடு தரையாகக் கிணற்றின் வாய் திறந்திருந்தது. மேலே கிடந்த பலகை உளுத்துப்போயிருந்தது. கைப்பிடிச் சுவருள்ள பெரிய கிணற்றை மட்டுமே நான் நினைவில் வைத்திருந்தேன். பாட்டியார் காலத்திலேயே கைவிடப்பட்ட இந்த உறைகிணற்றை மறந்தே போயிருந்தேன்.

ஆகவே, பாழ்பட்ட இடத்தில் முதல் வேலை கத்தியை எடுப்பதன்று, கேட்டறிவது. அவ்விடத்தை முன்பு அறிந்தவர்களிடம் சென்று கிணறு எங்கே, கழிவுநீர்க் குழி எங்கே, ஆழ்துளைக் குழாய் இறக்கினார்களா, மின்கம்பி மண்ணுக்குள் செல்கிறதா என்று வினவ வேண்டும். பிறகு, நீண்ட கழியால் தட்டிப் பார்த்துக்கொண்டே மெல்ல நடக்க வேண்டும். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு இன்னும் கொடியது. அதன் வாய் ஒரு சாண் அகலமே இருந்தாலும் குழந்தைக்குப் போதும். 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையொன்று அத்தகைய குழியில் விழுந்து, பல நாள் முயன்றும் காப்பாற்ற இயலாமல் இறந்ததை நாடே கண்டது. பயனற்ற ஆழ்துளைக் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் மணலும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே நெறி வகுத்திருந்தது. வாயில் சாக்கைத் திணித்து மேலே கல்லை வைப்பது நிரப்புதல் ஆகாது.

பழங்கிணற்றில் இறங்குவதைப் பற்றியும் ஒரு சொல். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கி, அது அணையாவிட்டால் இறங்கலாம் என்பது நம்மவர் வழக்கம். விளக்கு அணைந்தால் உயிர்வளி குறைவு என்பது உறுதி. அணையாவிட்டால் நச்சுக்காற்று இல்லை என்பது உறுதியன்று. மிகச் சிறிதளவே இருந்தும் மனிதனை வீழ்த்தும் காற்றுகள் விளக்கை அணைப்பதில்லை. ஆதலின் தூர் எடுக்கும் வேலையை உரிய கருவிகள் உடையவர்களிடம் விடுங்கள். நெடுநாள் கிடக்கும் விறகுக் குவியலையும் செங்கற் குவியலையும் பகலில், தடித்த காலணியும் கையுறையும் அணிந்து, கழியால் கலைத்த பின்னரே கையால் தொடுங்கள். பாம்பு தீண்டினால் கட்டுவதும் கீறுவதும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இனிப் புதருக்கு வருவோம். எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவது எளிது. ஆனால் பாழ்நிலத்தில் தானே முளைத்தவை எல்லாம் களையல்ல. கீழாநெல்லி, தும்பை, மூக்கிரட்டை, குப்பைமேனி ஆகியவற்றை நம் பாட்டிமார் காசு கொடுக்காமல் பெற்ற மருந்துகளாகவே கருதினர். நான் செய்த அறியாமையைக் கேளுங்கள்: காக்கை போட்ட விதையிலிருந்து மேற்கு மதிலோரம் இரண்டாள் உயரத்துக்கு வளர்ந்திருந்த வேம்பை, வரிசையில் அமையவில்லை என்பதற்காக வெட்டச் சொன்னேன். பிற்பகல் வெயிலை மறைக்க அந்தக் கொல்லையில் இருந்த ஒரே நிழல் அது. பதினேழு கன்றுகளில் பாதியேனும் அந்த வேம்போடு போயின என்றே இன்றும் எண்ணுகிறேன்.

பகை என்று சொல்லத்தக்கவை சிலவே. அவற்றுள் பார்த்தீனியம் நமக்குப் பழைய பகையன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடியான இது, 1950களின் நடுவில் புனே நகரில் கண்டறியப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. இளமையில் இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். பின்னர்த் தண்டு எழுந்து, சிறு வெண்பூக்கள் கொத்துக் கொத்தாகத் தோன்றும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்க வல்லது. தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும் தரும். மகரந்தம் மூச்சுத் தொல்லையை வளர்க்கும். ஆகவே, மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, பூப்பதற்கு முன், கையுறையணிந்து வேரோடு பிடுங்குவதே தக்க முறை. உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம் என்று சொல்வார்கள். செடி கருகும் என்பது மெய்தான். நாளைக்குத் தோட்டமாக வேண்டிய மண்ணில் உப்பைச் சேர்ப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது. இந்தச் செடியை மட்டும் உண்ணும் மெக்சிகோ நாட்டு வண்டு ஒன்றை வரவழைத்து, 1984-இல் பெங்களூரில் அறிவியலறிஞர் வயலில் விட்டனர். மழைக்காலத்தில் வரிவரியான சிறு வண்டுகள் இதன் இலையை அரித்துக்கொண்டிருக்கக் கண்டால் அவற்றைக் கொல்லாதீர்கள்.

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். தளிர்க்கும் கண்கள் தண்டும் வேரும் கூடுமிடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ளன. அடிக்கட்டையைச் சுற்றி ஓரடி ஆழம் தோண்டி, அப்பகுதியையே பெயர்த்தெடுத்தால் ஆணிவேரின் எஞ்சிய பகுதி மண்ணிலேயே மக்கிப்போகும். அறுகு தரையோடு தரையாக ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும். பொறுமையிருந்தால் கையாலேயே இழுத்தெடுக்கலாம்.

கோரைதான் என்னை வென்றது. மேலே காணும் புல், அதன் ஒரு சிறு பகுதியே. மண்ணுக்குள் கருநிறக் கிழங்குகள், மெல்லிய நரம்பு போன்ற தண்டுகளால் மணிமாலைபோல் கோக்கப்பட்டிருக்கின்றன. மாலை அறுபடாமல் இருக்கும் வரை நுனியிலுள்ள கிழங்கு முளைக்க, மற்றவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டியால் கொத்தி மாலையை அறுத்து மறுநாளே நீர் ஊற்றினால், உறங்கிய கிழங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியே விழித்தெழும். நான் செய்தது இதுதான். களையெடுப்பதாக எண்ணிக்கொண்டு, பத்துக் கோரையை நூறாக்கினேன். அதற்குக் கூலியும் கொடுத்தேன்.

அதன் பகைவர் இருவர்: காய்ச்சலும் நிழலும். கிழங்கு ஈரம் இழந்தால் இறந்துபடும். சித்திரை, வைகாசி மாதங்களில், நீர் ஒரு துளியும் விடாமல், முக்கால் அடி ஆழத்துக்குப் புரட்டிக் கட்டியாகவே போட்டு, கத்திரி வெயிலில் காயவிட வேண்டும். பத்து நாளுக்குப்பின் கட்டிகளைப் புரட்டி மறுபுறத்தையும் காட்ட வேண்டும். கொத்தும் கருவி அதேதான். கொத்தியபின் நீர் விடுகிறோமா, வெயில் விடுகிறோமா என்பதிலேதான் வேறுபாடு. திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இன்றியே பயிர் செழிக்கும் என்கிறார். எரு வேண்டா என்பதை அப்படியே ஏற்பதற்கில்லை என்று சொல்வாருண்டு. அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுதல் நன்று என்று அவரே சொல்கிறார். ஆனால் காய்ந்த மண்ணில் களையின் கிழங்கும் பூச்சியின் முட்டையும் அழியும் என்பதும், காய்ந்து பிளந்த கட்டி முதல் மழையில் பொலபொலவென உதிரும் என்பதும் கண்கூடு.

வெயிலைப் பயன்கொள்ளும் மற்றொரு முறையும் உண்டு. இஸ்ரேல் நாட்டில் கதான் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1976-இல் வெளியிட்டது. நிலத்தைச் சமன்செய்து, நன்றாக நனைத்து, மெல்லிய பாலிதீன் தாளை மண்ணோடு ஒட்டும்படி விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, கடுங்கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுவது. தாள் கறுப்பாக இருக்க வேண்டுமா, ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டுமா? கறுப்பு என்றே பலரும் விடை கூறுவர். கறுப்புத் தாள் வெயிலைத் தானே உறிஞ்சித் தான் சூடாகிறது. மண்ணுக்குச் செல்வது குறைவு. ஒளி ஊடுருவும் தாளோ வெயிலை உள்ளே விட்டு, மண் சூடேறியபின் அச்சூடு வெளியேறாமல் தடுக்கிறது. மேல்மண் 50 பாகை செல்சியசை எட்டவும் கூடும். நனைப்பது ஏனெனில், ஈரமண் வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்தும். ஈரத்தில் ஊறி முளைக்க எழும் விதையும் காளானும் வெப்பத்தில் எளிதில் மடியும். விதைவழிக் களைகளுக்கும் வேரழுகல் காளான்களுக்கும் இது நல்ல மருந்து. கோரைக் கிழங்குக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஆகவே கோரை உள்ள பாகத்தை உலர வைத்தலும், மற்றப் பாகத்தை ஈரத்தோடு வேகவைத்தலும் ஆகிய இருவேறு வழிகளைக் கையாண்டேன்.

வெட்டிய புதரை எரித்தது என் அடுத்த பிழை. தீயில் தழைச்சத்தும் கந்தகமும் காற்றோடு போகின்றன. சாம்பலில் எஞ்சுவது பெரும்பாலும் சாம்பல்சத்தும் சுண்ணமுமே. அதைவிட முதன்மையானது, மக்காக மாற வேண்டிய பொருளே போய்விடுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் மண்ணிலுள்ள மக்கு விரைவிலேயே சிதைந்துவிடுவதால், குளிர்நாட்டாரைவிட நமக்கு அதனைச் சேர்க்கும் கடமை மிகுதி. இதனைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில வேளாண் அறிஞர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றி, இந்திய உழவர் வழக்கங்களைக் கூர்ந்து நோக்கி, குப்பையை மக்குரமாக்கும் முறையை வகுத்தார். உலகம் அதனை இந்தூர் முறை என்றே அழைக்கிறது.

அதன் நுட்பம் எளியது. உலர்ந்த சருகிலும் குச்சியிலும் கரி மிகுதி, தழைச்சத்து குறைவு. பச்சைத் தழையிலும் சாணத்திலும் தழைச்சத்து மிகுதி. குப்பையைத் தின்று மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு இருபத்தைந்து முப்பது பங்கு கரிக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். வெறும் சருகைக் குவித்தால் ஆண்டுக் கணக்கில் கிடக்கும். வெறும் பச்சையைக் குவித்தால் அழுகி நாறும். இரண்டையும் அடுக்கடுக்காக இட்டு, சாணக்கரைசல் தெளித்து, பிழிந்த துணிபோன்ற ஈரத்தில் வைத்து, இடையிடையே புரட்டிக் காற்றுப் புகச் செய்தால், குவியல் உள்ளே கை வைக்க முடியாதபடி சூடேறும். மூன்று நான்கு மாதத்தில் காட்டு மண்ணின் மணத்தோடு கருமையான உரம் கிடைக்கும். பூத்த பார்த்தீனியத்தையும் கோரைக் கிழங்கையும் மட்டும் குவியலில் சேர்க்காதீர்கள். பாலிதீன் பைகளைப் பொறுக்கித் தனியே அகற்றுங்கள். அவற்றை எரிப்பது நாம் மூச்சுவிடும் காற்றில் நஞ்சைக் கலப்பதாகும்.

இதற்குள் நிலம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இனி மண்ணை அறிய வேண்டும். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மற்றது நீருமாக இட்டு, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். சில மணி நேரத்தில் வண்டல் அதன்மேல் படியும். களி படிய ஒருநாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்குகளின் உயரத்தை அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். எங்கள் கொல்லையின் பின்பாதி களி மிகுந்த ஆற்று வண்டல். வீட்டையொட்டிய பாதியோ, கட்டடம் கட்டியபோது கொட்டிய மணல். ஆறு சென்டில் இரண்டு மண்! ஒரே அளவு நீரை இரண்டுக்கும் ஊற்றியதால், முன்னே நின்ற கன்று வாடியது. பின்னே நின்ற கன்று வேரழுகியது.

நீர் வடியும் வேகத்தையும் அளக்கலாம். ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குச்சியால் அளவிடுங்கள். ஓரங்குலத்துக்கும் குறைவெனில் வடிகால் போதாது. அங்கே மேட்டுப்பாத்தி வேண்டும். நான்கு அங்குலத்துக்கு மேலெனில் நீர் தங்காது. அங்கே மக்குரம் மிகுதியாக வேண்டும். களிமண்ணில் மணலைக் கொட்டினால் நெகிழ்ந்துவிடும் என்று நம்பிச் சிறிது மணலைக் கலந்தால் செங்கல்போல் இறுகிப்போவதும் உண்டு. இரண்டு மண்ணுக்கும் ஏற்றது மக்குதான்.

பாழ்நிலத்துக்கே உரிய நோய் ஒன்று உண்டு: கட்டடச் சிதைவு. எங்கள் கொல்லையின் தென்மூலையில் பழைய மாட்டுக்கொட்டிலின் சுவர் இடிந்து, காரையும் சுண்ணாம்பும் மண்ணோடு கலந்துவிட்டன. அங்கே நட்ட கறிவேப்பிலையின் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. எரு போதவில்லை என்று மேலும் மேலும் இட்டேன், பயனில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண் காரத்தன்மை அடைகிறது. காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் உறிஞ்ச இயலாத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. பந்தியில் சோறிருந்தும் வாய் கட்டப்பட்டவன் நிலை அது. இதனைக் கண்டறிய மாணவர்களுக்கு எளிய வழியுண்டு. ஆசிரியர் உடனிருக்க, ஒரு சிட்டிகை மண்ணின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில துளிகள் விட்டால், சுண்ணாம்பு உள்ள மண் நுரைத்துப் பொங்கும். வீட்டில் எலுமிச்சைச் சாறு ஓரளவு பயன்படும். காரை கலந்த மண்ணை முக்கால் அடி ஆழத்துக்கு அள்ளிச் சல்லடையில் சலித்தோம். மிஞ்சிய கற்காரையைக் கொட்டி நடைபாதையாக இடித்துக்கொண்டோம். தோட்டத்துக்குப் பாதையும் வேண்டுமே!

நுணுக்கமான கணக்குக்கு மண் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. ஓரிடத்து மண்ணை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். எட்டுப் பத்து இடங்களில், மேற்குப்பையை விலக்கி, அரையடி ஆழத்துக்கு ஆப்பு வடிவில் குழி வெட்டி, அதன் பக்கச் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். கலந்ததை வட்டமாகப் பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிர் இரண்டு பங்குகளைத் தள்ள வேண்டும். மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்து அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இட்டுக் கொடுக்க வேண்டும். எருக்குழியருகிலும் மரத்தடியிலும் எடுத்த மண் பொய்சொல்லும். மாவட்டந்தோறும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் இதுபற்றி வழிகாட்டுவர். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் தொடங்கப்பட்டது நம் அண்டையிலுள்ள புதுச்சேரியில்தான்.

மண்ணைப் போலவே வெயிலையும் அளக்க வேண்டும். இதில்தான் மாணவர்கள் படித்த நிலநூல் கைகொடுக்கும். கதிரவன் எப்போதும் தெற்கே சாய்ந்து செல்வதாகக் கூறும் மேலைநாட்டுத் தோட்ட நூல்கள் நமக்குப் பொருந்தா. திருச்சிராப்பள்ளி வட அகலக்கோடு ஏறத்தாழ 10.8 பாகையில் உள்ளது. ஏப்ரல் இடையிலும் ஆகஸ்டு கடைசியிலும் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நமக்கு வடக்கே நிற்கும். பத்தடி உயர மதிலின் நிழல், டிசம்பர் 22-ஆம் நாள் நண்பகலில் வடக்கே ஏறக்குறைய ஏழடி விழும். ஜூன் 21-இல் தெற்கே இரண்டடிக்குச் சற்று மேலே விழும். கோணங்களை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆகவே மதிலின் வடபுறத்தில் மார்கழியில் நிழலாக இருக்கும் இடம் ஆனியில் வெட்டவெளி. மார்கழியில் மட்டும் பார்த்து, அங்கே நிழல் விரும்பும் செடியை வைத்தால் கோடையில் கருகும். மாதம் ஒருமுறை, காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு மணிகளில் நிழலின் ஓரத்தில் முளைக்குச்சி நட்டு, தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். இந்த வேலைக்கு ஓராண்டு ஆகும். அதனைச் சுருக்க வழியில்லை.

மண் வெந்தும் காய்ந்தும் கிடந்தபின், ஆடியில் முதல் மழை ஈரத்தில் தோட்டச் செடியை விதைக்கலாமா? "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியை மண்ணுக்கே உணவாகும் பயிருக்கு முதலில் கொள்ளுங்கள். சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி ஆகியவை பசுந்தாள் உரப்பயிர்கள். நீர் தேங்கும் இடத்துக்குத் தக்கைப்பூண்டு. நீர் வடியும் இடத்துக்குச் சணப்பை. வறண்ட இடத்துக்குக் கொழிஞ்சி. இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. அவரைக் குடும்பத்துப் பயிர் மண்ணை வளமாக்கும் என்பதை உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். காரணம் இதுவென்று ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானியர் இருவர் 1880களில்தான் நிறுவினர். சணப்பையை அடர்த்தியாக விதைத்தால் ஆறு வாரத்தில் இடுப்பளவு வளர்ந்து, எஞ்சிய கோரையின்மேல் நிழலைக் கவிக்கும். வெயில் மிகுதியாக வேண்டும் கோரை, நிழலில் நலிந்துவிடும்.

பூக்கத் தொடங்கும் பருவத்திலேயே மடக்கி உழுதுவிட வேண்டும். பூ அழகாக இருக்கிறதே என்று பத்து நாள் பொறுத்தால் தண்டு நாராகி முற்றிவிடும். முற்றிய தண்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள், தமக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டு, நடப்போகும் செடியைப் பட்டினி போடும். மடக்கிய பின்னும் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் மண்ணைக் கிளறிப் பார்த்தால் மண்புழுவைக் காணலாம். சார்லஸ் டார்வின் தம் வாழ்நாளின் இறுதியில், 1881-இல், மண்புழுக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் அவற்றின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். எங்கள் கொல்லையில் முதலாண்டு ஒரு கனஅடி மண்ணில் ஒரு புழுவும் இல்லை. சணப்பையை மடக்கிய ஐப்பசியில் ஒரே மண்வெட்டிக் கொத்தில் நான்கு கண்டோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று எஞ்சியிருக்கிறது. கன மழை பெய்யும் ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்று, நீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். எந்த மட்டக்கருவியும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் கட்டாயமாக்கியது. எங்கள் வீட்டிலோ கூரைநீர் முழுவதும் தெருவுக்கே போய்க்கொண்டிருந்தது. அதனைக் குழாய்வழி கொல்லைக்குத் திருப்பி, கூழாங்கல்லும் மணலும் இட்ட வடிகட்டும் தொட்டியில் விட்டு, அங்கிருந்து உறைகிணற்றில் இறக்கினோம். கிணற்றுக்கு இடுப்பளவுச் சுவர் எழுப்பி, பூட்டுடன் கூடிய இரும்புக் கம்பிவலை பொருத்தினோம். என் தமக்கையின் மகனைக் கொல்லையில் விட்டது அதற்குப் பிறகுதான். மழை நாட்களில் வலையின்மேல் கவிழ்ந்துகொண்டு, நீர் விழும் ஓசையைக் கேட்பது அவனுக்கு விளையாட்டாயிற்று.

கார்த்திகையில் இரண்டாம் முறையாகக் கன்றுகள் நட்டோம். இம்முறை பன்னிரண்டே. மணற்பாதியில் முருங்கைப் போத்தும் சீதாவும், வண்டற்பாதியில் வாழையும் எலுமிச்சையும், சலித்த தென்மூலையில் கறிவேப்பிலையும் வைத்தோம். மேற்கு மதிலோரம் ஒரு வேப்பங்கன்று; அது முந்தையதன் உயரத்தை எட்ட இன்னும் சில ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டில் பதினொன்று நிலைத்தன. ஓர் எலுமிச்சை போயிற்று. காரணம் இன்னும் தெரியவில்லை. துவைக்கும் கல்லைச் சுற்றி எப்போதும் ஈரம் இருப்பதால் அங்கே கோரையைக் காயவைக்க இயலவில்லை. ஞாயிறுதோறும் காலையில் ஒரு நாழிகை அமர்ந்து, மாலை அறுபடாமல் கிழங்கோடு இழுத்தெடுத்து வருகிறேன்.